புதுக் கிணற்றுக்குப் பூட்டு. பழைய கிணறு தப்பிச்சாச்சு!

தஞ்சாவூர்:

காவிரி டெல்டாவில் இனி மீத்தேன், ஷேல் வாயு எடுக்கப் புதுக் கிணறு தோண்ட முடியாது. 2020 பிப்ரவரியில் தமிழக சட்டசபையில் நிறைவேறிய வேளாண் மண்டலச் சட்டம் தடை போட்டு விட்டது. மீறினால் 5 ஆண்டு வரை ஜெயில்!

ஆனால் ஏற்கனவே நடந்து வந்த எண்ணெய், எரிவாயு வேலைகளை இந்தச் சட்டம் தொடவில்லை. 2017 ஜூன் 30-ந் தேதி கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பாய்ந்ததே, அது பழைய கிணற்றுக் குழாய்தான்.

மீத்தேன் என்றதும் விவசாயி ஏன் அலறுகிறார்?

மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் மீத்தேன் சும்மா வராது. முதலில் அங்குள்ள தண்ணீரை மாசக்கணக்கில் இறைத்துக் கொட்ட வேண்டும். அப்போதுதான் அழுத்தம் குறைந்து வாயு கிளம்பும். கடலோர ஜில்லாவில் நிலத்தடி நீர் இறங்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து விடும். இறைத்த தண்ணீரை எந்த வாய்க்காலில் விடுவதாம்?

2010-ல் கையெழுத்தான அந்தத் திட்டத்துக்கு 2015-ல் தமிழக அரசு தடை போட்டது.

எல்லை தாண்டினால்?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, கடலூர்-புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள். சட்டத்தின் வேலி இவ்வளவுதான். ராமநாதபுரம் வெளியே நிற்கிறது.

சோதனைக் கிணறு தோண்ட ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியையே மாற்றி விட்டது. 2025-ல் ராமநாதபுரம் பக்கம் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த விஷயம், கிடைத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. கூச்சல் கிளம்பியதும் அனுமதியை வாபஸ் வாங்கும்படி தமிழக அரசு உத்தரவிட்டது.