அமெரிக்காவில் பால் மாட்டுக் கன்றுக்கு திடீர் மவுசு... என்ன காரணம்? பின்னால் இருக்கும் சிக்கல் என்ன?

பால் பண்ணையில் கிடேரிக் கன்று பிறந்தால் நாளைக்குப் பால் கறக்கும். காளைக் கன்று பிறந்தா? தீவனச் செலவுதான். உலகம் முழுக்க உள்ள இந்தத் தலைவலிக்கு அமெரிக்கப் பண்ணையாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இப்போ அந்த வழியே வேறொரு சிக்கலைக் கொண்டு வந்திருக்கு.

முன்பு என்ன நடந்தது?

அமெரிக்கக் கறவை மாடுகளில் பெரும்பாலானவை ஹோல்ஸ்டீன் இனம். அதன் காளைக் கன்றுகளுக்குக் காயடித்து, முதலில் பால் பவுடர் கரைசல், பிறகு மக்காச்சோளம் அதிகமுள்ள தீவனம் கொடுத்து வளர்ப்பார்கள். சுமார் ஒன்றரை வயதில், 650 கிலோ அளவுக்கு வந்ததும் இறைச்சிக்கு விற்பார்கள்.

ருசியில் குறை இல்லை. ஆனா எலும்பு பெரிசு, சதை குறைவு. ஒவ்வொரு கிலோ எடை கூடவும், கறிக்கென்றே வளர்க்கும் ஆங்கஸ் போன்ற இனங்களைவிட அதிகத் தீவனம் தேவை. 2016 இறுதியில் டைசன் நிறுவனம் தன் இல்லினாய் ஆலைக்கு ஹோல்ஸ்டீன் காளைகளை வாங்குவதில்லை என்று முடிவெடுக்க, விலை மேலும் அடி வாங்கியது.

மாற்று வழி என்ன?

பண்ணையில் உள்ள நல்ல மாடுகளுக்கு மட்டும் பாலினம் பிரித்த சினை ஊசி. இதில் சுமார் 90% கிடேரிக் கன்றுதான் பிறக்கும். மற்ற மாடுகளுக்கு ஆங்கஸ் காளையின் ஊசி. பிறக்கும் கலப்பினக் கன்று காளையோ கிடேரியோ, சதைப்பிடிப்பாக வளர்வதால் கறிக்கு நல்ல விலை போகும்.

விலை ஏன் எகிறியது?

தொடர் வறட்சியால் பலர் மாடுகளை விற்றுவிட்டார்கள். 2025 ஜனவரியில் நாட்டின் மொத்த மாடுகள் 8.67 கோடி. 1951-க்குப் பிறகு இதுதான் மிகக் குறைவு. விளைவு, பிறந்து சில நாளே ஆன கலப்பினக் கன்று ஆயிரம் டாலரைத் தொட்டது.

அப்போ சிக்கல் எங்கே?

எல்லோரும் கறிக் கன்றுக்குப் போனதால் கறவைக் கிடேரி குறைந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் சுமார் 39 லட்சம்தான். 1978-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. இன்னைக்கு முடிவை மாற்றி ஊசி போட்டாலும், கன்று பிறக்க ஒன்பது மாதம், அது வளர்ந்து பால் கறக்க இன்னும் இரண்டு வருஷம். அதுவரை வயதான மாடுகளைக் கழிக்காமல் வைத்துத்தான் சமாளிக்கணும்.

நம்ம ஊரில் இது நடக்குமா?

பாதிதான். ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில் பாலினம் பிரித்த ஊசிக்கு மானியம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்று சான்று இருந்தால்தான் இறைச்சிக்கு அனுப்ப முடியும். அதனால் இளம் காளையைக் கொழுக்க வைத்து விற்கும் வழி இங்கே இல்லை. காளைக் கன்று பிறப்பதையே குறைக்கும் ஊசிதான் நம் பால் விவசாயிக்குக் கைகொடுக்கும்.