வயிற்றில் கரைத்த புளி

எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறான். தர்மபுரியில் பிறந்து, பெங்களூரில் மூன்று வருஷம் குப்பை கொட்டி, அப்புறம் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி மறுபடி தர்மபுரிக்கே வந்து சேர்ந்தவன். போன மாசம் லஞ்ச் டயத்தில், நான் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்து, "அண்ணா, அண்ணிகூட நீங்க டேட் நைட் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"டேட்டா? எந்தத் தேதிப்பா?" என்றேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் டேட் என்றால் எனக்கு இன்க்ரிமென்ட் டேட் தெரியும், ஆடிட் டேட் தெரியும். அவ்வளவுதான்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டு விளக்கினான். குழந்தை குட்டிகளை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். ஹோட்டல் கீட்டல் கிடையாது, வீட்டிலேயே. மெழுகுவர்த்தி, மெல்லிசாகப் பாட்டு, புருஷனே தன் கையால் செய்த டிரிங்க்ஸ்...

'டிரிங்க்ஸ்' என்ற வார்த்தை மட்டும் நாலு மேஜை தாண்டி சூப்பிரண்டெண்ட் காதில் விழுந்துவிட்டது. "யோவ், வீட்லயே காய்ச்சறியா? வேலை போயிடும்யா!" என்று பதறிப்போய் ஓடி வந்தார்.

ஸார், ஒன்று சொல்கிறேன். இந்த ஊருக்குப் பழைய பெயர் தகடூர். ஆண்டது அதியமான். நெல்லிக்கனி கொடுத்த கதை மூன்றாங்கிளாஸ் பையனுக்கும் தெரியும். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் ஔவைக்கே கொடுத்துவிடுகிற மனுஷன் என்று, அவன் செத்த பிறகு அந்தம்மாவே புறநானூற்றில் சொல்லி அழுவதை வாத்தியார் நடத்தாமல் தாண்டிவிடுவார். தமிழ்நாட்டில் 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்குத் தடை. அதியமான் இன்றைக்கு இருந்தால் மதுவிலக்குப் போலீஸ் அவரை ஜீப்பில் ஏற்றியிருக்கும். ஔவையார் ஸ்டேஷன் வாசலில் நின்று ஜாமீன் கேட்டிருப்பார்.

நான் குடிப்பதில்லை. (சம்சாரம் இந்தப் பத்திரிகை வாசகி என்பதற்காகச் சொல்லவில்லை.) ஆனால் தம்பி போட்ட விதை முளைத்துவிட்டது. அதற்குக் காரணம் காதல் மட்டுமல்ல. என் பெண்.

அவளுக்கு எட்டு வயசு. சிரித்தால் பல்வரிசை முல்லைச் சரம்தான். பெற்றவன் புளுகு என்று நினைக்காதீர்கள், பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டரே சொன்னார். அப்படிப்பட்ட பெண், கொஞ்ச நாளாக, சிரிக்கும்போதெல்லாம் வலது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்கிறாள். "ஏன்டி பாப்பா பொத்தறே?" என்று கேட்டேன். "பொம்பளைங்க அப்பிடித்தானப்பா சிரிப்பாங்க? அம்மா அப்பிடித்தானே சிரிக்குது?" என்றாள்.

அவள் அம்மா அப்படித்தான் சிரிப்பாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். அடக்கம் என்று எங்கம்மா மெச்சிக்கொண்டாள். கல்யாண ஆல்பத்தில் நூற்றுச்சொச்சம் போட்டோ, ஒன்றில்கூடப் பல் தெரியாது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். முன்பல் எல்லாம் பழுப்புக் கோடு.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக. இது பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஜில்லா. ஆழமாகப் போர் போட்டால் பாறை இடுக்கிலிருந்து வருகிற தண்ணீரில் ஃபுளோரைடும் கூடவே வரும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது சர்க்கார் கணக்கு. பாறைக்கு சர்க்கார் கணக்கு தெரியுமா? கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் இன்னும் கூடத்தான் செய்யும். சின்ன வயசில், நிரந்தரப் பல் ஈறுக்குள்ளே உருவாகிற சமயத்தில் இது உடம்பில் ஏறினால், பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். நிறைய ஏறினால் எலும்பையும் பிடிக்கும். பல்பொடி, உப்பு, கரி எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அழுக்காக இருந்தால்தானே போக!

ஜப்பான்காரன் கடன் கொடுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிச் சொச்சம் செலவு பண்ணி, ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தது 2013-ல். என் பெண் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீர்தான். அதனால் முல்லைச் சரம். அந்த முல்லைச் சரத்தைத்தான் அவள் பொத்திக்கொள்கிறாள்.

சம்சாரத்திடம் இதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, சொல்லுங்கள்? பத்து வருஷத்தில் அவள் பல்லைப் பற்றி நானும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டால் போதும், குழந்தை தானாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

அங்கேதான் டேட் நைட் வந்தது.

டிரிங்க்ஸ் என்ன? யோசிக்கவே வேண்டியதில்லை. தர்மபுரியில் இருந்துகொண்டு புளியை விட்டால் சாமி கண்ணைக் குத்தும். புளிப் பானகம்! இதிலே ஒரு விசேஷமும் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரர்கள் பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தினம் பத்து கிராம் புளி கொடுத்து, சிறுநீரைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபுளோரைடு வெளியேறுவது கூடியிருக்கிறது. 2002-ல் வெளிவந்த ஆராய்ச்சி. பல்லில் உள்ள கறை இதனால் போகாது. இருந்தாலும் நம்ம ஊர்ப் புளிக்கு இப்படி ஒரு கியாதி இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அயிட்டத்தைவிட முக்கியம் பாத்திரம். இதுதான் என் மாஸ்டர் பிளான். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சொம்பு ஒன்று பரணில் கிடக்கிறது. ஒரு லிட்டர் பிடிக்கும். அதில் விளிம்பு தட்ட ஊற்றிக் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்தே ஆகவேண்டும். கை இரண்டும் சொம்பில் இருக்கும்போது ஜோக் அடித்தால் வாயை எதால் பொத்துவாள்? கீழே வைத்துவிடக் கூடாதே என்று மொட்டை மாடியிலிருந்த ஸ்டூலைக்கூட அப்புறப்படுத்திவிட்டேன். கோட்டைக்கு வியூகம் வகுத்த அதியமான்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

சனிக்கிழமை. சம்சாரம் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், வீடு வர ஏழு மணி ஆகும். அம்மாவும் பாப்பாவும் சாயந்திரம் ஐந்து மணி பஸ்ஸில் பாலக்கோட்டில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கோ இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கு சுத்தமாக அடைப்பு. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

மூன்று மணிக்குக் கொட்டை எடுத்த புதுப்புளியில் இரண்டு உருண்டை எடுத்து ஊறப்போட்டேன். அம்மா பித்தளைத் தவலையைப் பார்த்ததும் கத்தினாள். "ஏன்டா, ஈயம் போன பித்தளையில புளிய ஊறவைக்கிறியே, வயித்தால போறதுக்கா?" சரியென்று எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றினேன். ஆம்பிளை புளி கரைப்பதை அம்மா உற்றுப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தழைத்துக்கொண்டு, "ஏன்டா... அவளுக்கு மசக்கையா?" என்று கேட்டாள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா!"

"பின்ன எதுக்குடா இவ்ளோ புளி?"

டேட் நைட்டை அம்மாவிடம் எந்தத் தமிழில் சொல்வது? "சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டு, கரைத்து வடிகட்டி மூடிவைத்து, வெல்லமும் மல்லிகைப்பூவும் வாங்க பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா போய்விட்டிருந்தாள். வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, சுக்கு தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, ஒகேனக்கல் தண்ணீரைத் தாராளமாக விட்டு, மண்பானை மேல் வைத்தேன். ருசி பார்க்கவில்லை. சாமிக்கு நைவேத்தியம் செய்கிறவன் ருசி பார்ப்பானா?

ஏழரைக்கு சம்சாரம் வந்தாள். மாடிக்குக் கூட்டிப் போனேன். பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தேன்.

"ஏங்க, கரன்ட் இருக்கே, எதுக்கு மெழுகுவர்த்தி?"

காற்று அவள் பக்கம் பேசியது. மூன்று தடவை அணைத்தது. மிச்சமெல்லாம் கொசு. போனில் இளையராஜா பாட்டு போட்டேன். பல்லவி முடிந்து சரணம் வருகிற இடத்தில், நகைக்கு உடனடிக் கடன் வேண்டுமா என்று ஓர் அம்மணி கேட்டாள். "வேணும்னு சொல்லுங்க" என்றாள் என் சம்சாரம்.

சொம்பை நீட்டினேன். விளிம்பு தட்ட.

"யாத்தே, எத்தனை பேருக்குங்க?"

"உனக்கு மட்டும்தான். ரெண்டு கையாலயும் புடி, சிந்திடும்."

பிடித்தாள். பிளான் வேலை செய்கிறது! இரண்டு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்த முதல் ஜோக்கை எடுத்து விட்டேன். "இது போன தீபாவளிக்கே வாட்ஸ்அப்ல வந்துதுங்க" என்றாள். இரண்டாவது ஜோக்குக்குக் கொட்டாவி விட்டாள். மூன்றாவது ஜோக்கின் முடிவு எனக்கே மறந்துவிட்டது.

ஒரு வாய் குடித்தாள். முகம் ஒருமாதிரி ஆயிற்று. மரியாதைக்காக இன்னொரு வாய் குடித்தாள்.

"எப்படி?"

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா... எங்கயோ குடிச்ச மாதிரி..."

அந்தச் சமயத்தில்தான் போன் அடித்தது. அம்மா. பாட்டுக்காக ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன், அப்படியே எடுத்துவிட்டேன்.

"டேய், பாலக்கோடு வந்து சேந்துட்டோம். நீ புளியக் கரைச்சு வெச்சிட்டு அப்படியே போயிட்டியே, நான்தான் கெளம்பறப்ப ரசப்பொடியும் உப்பும் போட்டு, பூண்டு தட்டிப் போட்டுட்டு வந்தேன். ஒரு கொதி விட்டு எறக்குனியா? கடுகு தாளிச்சியா?"

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அவள் வயிற்றிலோ ஏற்கெனவே கரைத்தாகிவிட்டது, பூண்டோடு, ஏலக்காயோடு.

சம்சாரம் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் வெடித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு! மூக்கு வழியாகவெல்லாம் ரசம். சொம்பு குலுங்கிப் புடவை நனைகிறது, கீழே வைக்க ஸ்டூல் இல்லை, கையை எடுக்க வழியில்லை. வாய் நிறைய, பல் அத்தனையும் தெரிய, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், எதிர்வீட்டு மாடியில் விளக்குப் போட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். நான் சிரிக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். போனில் அம்மா "ஏன்டா, ஏன் சிரிக்கறா? உப்பு கம்மியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். சிரிப்பு நின்றது. வலது கை தன்னால் எழும்பப் பார்த்து, சொம்பு சாயவும் மறுபடி பிடித்துக்கொண்டது.

"இதுக்குத்தானா இம்மாம் பெரிய சொம்பு?"

கணக்குப் பிள்ளை அல்லவா, கண்டுபிடித்துவிட்டாள். தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள். காலேஜில் சேர்ந்த முதல் வாரம், ஹாஸ்டலில் எல்லோரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் இவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "புகையிலை போடுவியா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லேன்னு சொன்னேங்க. நம்பல. பெட்டியத் தொறந்து பாத்தாங்க." அன்றைக்குத் தூக்கிய கை. பத்து வருஷத்தில் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அப்புறம்தான் பாப்பா சமாச்சாரத்தைச் சொன்னேன். சொல்லாமல் முடியவில்லை.

"பாப்பாவுமா?" என்றாள். அவள் கவனித்ததே இல்லை. கவனித்திருக்கவும் முடியாது. தான் சிரிக்கும்போது குழந்தை முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிறவள் அல்லவா!

ரொம்ப நேரம் கழித்து, "அந்த ரசத்தக் குடுங்க, வீணாக்க வேணாம்" என்றாள். அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டோம். வெல்லமும் ஏலக்காயும் போட்ட ரசத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டவர்கள் இந்த ஜில்லாவில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். சுமாராகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்ததும் அம்மாக்காரி ரசக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது கை பாதி வழி வந்தது. பாப்பா கை முழு வழியும் போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை தம்பி, "என்னண்ணா, டேட் நைட் எப்படி?" என்று கேட்டான். "ரசமா இருந்துதுப்பா" என்றேன்.

வருகிற சனிக்கிழமைக்குப் பாப்பா அளவுக்கு இன்னொரு சொம்பு வாங்கி வைத்திருக்கிறேன். புளிப் பாத்திரத்தின் மேல் ஒரு சீட்டும் ஒட்டியாகிவிட்டது: 'அம்மாவின் மேலான கவனத்துக்கு. இது ரசம் அல்ல.'