நெடுஞ்சாலை வைராக்கியம்

நெடுஞ்சாலையில் விபத்து நடந்த இடம் தூரத்திலேயே தெரிந்துவிடும். லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். சாலையோரம் கும்பல் நிற்கும். கண்ணாடிச் சில்லுகள், நசுங்கிய பம்பர், ஒற்றைச் செருப்பு. கடந்துபோகும் பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்க்கும். "நம்ம கையில் என்ன இருக்கிறது?" என்று யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். டிரைவரும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுவார். பிறகு பழைய வேகம்தான். மயான வைராக்கியம் போல இது நெடுஞ்சாலை வைராக்கியம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் நடந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அதாவது, மணிக்கு 19 பேர். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேதான்.

பணமும் பெரிய காரும் காவலாகிவிடாது. 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தின் சுவரில் கார் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தனர். பெல்ட் அணியாமல் பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தனர்.

வாழ்க்கை நீர்க்குமிழி என்பது சரிதான். ஆனால் எல்லாக் குமிழிகளும் மோதிய கணத்திலேயே உடைந்துவிடுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இறப்பவர்களில் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம் என்று 2006-ல் சட்டக் கமிஷன் சொன்னது. அந்த ஒரு மணி நேரம் விதியின் கையில் இல்லை. சுற்றி நிற்பவர்களின் கையில் இருக்கிறது.

அவர்கள் ஈரமற்றவர்கள் அல்ல, பயந்தவர்கள். தூக்கிப் போனவனையே மோதியவன் என்று போலீஸ் பிடித்துக்கொள்ளுமோ, ஆஸ்பத்திரியில் பணம் கேட்பார்களோ, வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு அலையவேண்டி வருமோ என்ற பயம். 2007-ல் டெல்லியில், பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவன் ஒருவன் விபத்தில் அடிபட்டு, உதவுவார் இல்லாமல் சாலையிலேயே இறந்தான். அவனுடைய உறவினரான பியூஷ் திவாரி மறு வருஷம் தொடங்கிய 'சேவ்லைஃப் பவுண்டேஷன்' இந்தப் பயத்தைப் போக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை முதல் ஆஸ்பத்திரி ஏற்காமல் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனதுதான் அந்த வழக்கு. உதவ வந்தவருக்குப் பாதுகாப்பு கிடைக்க மேலும் 27 வருஷம் ஆயிற்று. 2016 மார்ச் 30 அன்று அதற்கான விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையைத் தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் சேர்ந்தது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் பெயர், விலாசம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரி அவரை நிறுத்திவைக்கக் கூடாது. சாட்சி சொல்லும்படி போலீஸ் வற்புறுத்தக் கூடாது. 2025 மே மாதம் முதல் அடிபட்டவருக்கு ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் இருக்கிறது.

இவையெல்லாம் சாலையில் நிற்கும் கும்பலுக்குத் தெரியுமா? டோல் கேட்டில் கட்டண விவரம் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இந்த நாலு வரிகளையும் எழுதிவைக்கப் பெரிய செலவு ஆகாது. படித்தவர்களில் பத்தில் ஒருவர் வண்டியை ஓரங்கட்டினால்கூடப் போதும். தூக்கிவிட்டவர் பெயர் சொல்லாமல் தன் வழியில் போய்விடலாம். பிழைத்தவருக்கு அவர் யாரென்று தெரியாமலே போகலாம். ஆனால் வீட்டில் யாரோ ஒருவருக்காக வைத்த சோறு வீணாகாது.