குதிரை ஏறாத வீரன்

எங்கள் ஸ்ரீமுஷ்ணத்துக்கு வருகிறவர்கள் பூவராகப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் புருஷசூக்த மண்டபத்தின் முன் சற்று நிற்பார்கள். நிற்காமல் போகிறவர் இருந்தால் அவர் மேல் இரக்கப்பட வேண்டியதுதான். தூண்களிலே குதிரைகளும் அவற்றின் மேல் வீரர்களும்! கல்லுக்குள் மூச்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் சிற்பி. ஒரு மாசி மாதம், பெருமாள் மாசி மகத் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படவிருந்த சமயம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடன் அங்கே நின்றிருந்தேன். அவர் ஒரு தூணைத் தடவிக்கொண்டே, "வீரம் என்றால் இது, ஸார்! இந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போகிறவன் சம்பளத்துக்குத்தானே போகிறான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"ஐயா, சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்றேன்.

"எந்தச் சுப்பிரமணியன்?" என்றார்.

பரணி பாடிய தமிழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் கேட்ட கேள்வி இது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் நூறு பேரை நிறுத்திக் கேட்டாலும் இதே கேள்விதான் திரும்பி வரும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்துக்காரர் அவர். மதராஸ் ஸாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சுபேதார். 1780ஆம் ஆண்டிலிருந்து தன் சரித்திரத்தைக் கணக்கிடுகிற படை அது. அதன் சிப்பாய்களுக்கு இராணுவம் முழுவதும் வழங்குகிற செல்லப் பெயர் 'தம்பி'. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடிகளை அகற்றுவதும் தம்பிகளின் வேலை. மற்றவர்கள் நடப்பதற்கு முன்னால் அந்தத் தரையில் இவர்கள் நடந்தாக வேண்டும்.

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் காஸினோ மலைக்காகப் பெரும் போர் நடந்துகொண்டிருந்த காலம். மின்யானோ என்ற ஊருக்கு அருகே சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவுடன் சென்றார். பின்னால் வந்த சகா ஒருவனின் கால் ஒரு வெடியின் மேல் பட்டுவிட்டது. மிதித்தவுடன் வெடிக்கிற ரகம் அல்ல அது. சில நொடி தாமதித்துப் பிறகு வெடித்து, சுற்றியிருக்கும் அத்தனை பேரையும் குண்டுகளால் துளைக்கும். அந்தச் சில நொடியில் ஒருவன் ஓடலாம்; தரையோடு தரையாகப் படுத்துத் தப்பவும் பார்க்கலாம். சுப்பிரமணியன் அந்த வெடியின் மேலேயே பாய்ந்து தம் உடம்பால் அதை மூடினார். சகாக்கள் பிழைத்தார்கள். அவர் இறந்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் சிலுவை அவருக்கு அறிவிக்கப்பட்டது. விக்டோரியா சிலுவைக்கு நிகரான விருது அது.

இப்போது இன்னொரு தேசத்தைப் பாருங்கள். 1915ல் கலிப்பொலியில் ஆஸ்திரேலியப் படையில் ஸிம்ப்ஸன் என்று ஒருவன் இருந்தான். காயம்பட்டவர்களைக் கழுதை மேல் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 19ஆம் தேதி சுடப்பட்டு இறந்தான். அவன் பிறந்தது இங்கிலாந்தில். கப்பல் வேலையை விட்டு ஓடிப்போய் ஆஸ்திரேலியாவில் கரை ஏறியவன். அவனுக்குப் பெரிய வீரப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அவனையும் அவன் கழுதையையும் தெரியும். கான்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களை, பதவி பார்க்காமல் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சங்கதி: ஸிம்ப்ஸன் அங்கே தங்கியிருந்தது இந்திய மலைப் பீரங்கிப் படையின் கோவேறு கழுதை முகாமில்! விருந்தாளியின் கதை உலகமெல்லாம் பரவிற்று. விருந்து படைத்தவர்களின் பெயரை நாம் விசாரிக்கக்கூட இல்லை.

அவர்கள் பதக்கம் பெறாதவனை நினைத்திருக்கிறார்கள். நாம் பதக்கம் பெற்றவனை மறந்திருக்கிறோம்.

"அது வெள்ளைக்காரனின் யுத்தம்" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நம்மைக் கேட்டுக்கொண்டு அந்த யுத்தத்தில் இறக்கவில்லை. நேதாஜியின் படையில் சேர்ந்த மலேயாத் தமிழர்களுக்கு நாம் செய்யும் மரியாதையில் ஓர் அணுவும் குறைய வேண்டாம். ஆனால் ஒருவருக்கு மாலை போடுவதற்காக இன்னொருவருடைய பெயரை அழிக்க வேண்டுமா? அந்த நொடியில் சுப்பிரமணியன் காப்பாற்றியது சாம்ராஜ்யத்தையா? கூட வந்த நாலு உயிர்களை அல்லவா?

"சம்பளத்துக்குப் போனவன்" என்பது அடுத்த வாதம். இரண்டாவது உலக யுத்தத்தில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். பலரைப் பசி அனுப்பிற்று என்பது மெய்தான். உபாத்தியாயரும் சம்பளம் வாங்குகிறார். நான் எழுதுவதற்கும் பத்திரிகை பணம் அனுப்புகிறது. அதனால் அவர் கற்பித்ததும் நான் எழுதியதும் பொய்யாகிவிடுமா? வயிற்றுக்காகப் போனவன் என்றே வைத்துக்கொள்வோம். வெடியின் மேல் பாய்வதற்கு எந்த மாதச் சம்பளத்தில் கணக்கு எழுதியிருந்தது?

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. என் கதைகளில் வந்த பட்டாளத்துக்காரர்களை எண்ணிப் பார்த்தேன். ஒருவன் தகரப் பெட்டியுடன் வருகிறான். ஒருவன் அரைகுறை ஹிந்தியில் ஊரை அதட்டுகிறான். ஒருவன் குடித்துவிட்டுத் திண்ணையில் பொய் அளக்கிறான். வாசகர்கள் சிரித்தார்கள், நானும் திருப்தியாகப் பேனாவை மூடினேன். அவன் இரவில் எதைக் கண்டு திடுக்கிட்டு விழிக்கிறான் என்று ஒரு பக்கம் எழுத எனக்குத் தோன்றவில்லை. குதிரையும் வாளும் இல்லாத வீரத்தைப் பார்க்க என் கண் பழகவில்லை. தரையில் குனிந்து மண்ணைத் துழாவுகிறவன் நமக்குக் கூலியாளாகத்தான் தெரிகிறான்.

2002ல் லண்டனில் திறந்த நினைவு வாயிலில், இரு பெரும் யுத்தங்களில் விக்டோரியா சிலுவையும் ஜார்ஜ் சிலுவையும் பெற்ற நம் நாட்டாரின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். யாருடைய யுத்தமோ அவர்கள், தாமதமாகவேனும், கடனைக் கொஞ்சம் தீர்த்தார்கள். யாருடைய பிள்ளையோ அவர்கள்? என் வீட்டுப் பிள்ளைகள் படித்த பாடப்புத்தகங்களில் அந்தப் பெயரை நான் கண்டதில்லை. சிலை வேண்டாம், சிலை வைத்தால் அதன் கீழே கடை போட்டுவிடுவோம். ஒரு பாடம் போதும். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு கதை எழுதினால் போதும்.

இவ்வளவையும் அன்று மண்டபத்திலேயே ஆசிரியரிடம் சொன்னேன். அவர் தூணிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊர்ப் பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள், ஸார்" என்றார். "கீழொட்டிவாக்கம்" என்றேன். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.