காஷ்மீரும் கோட்டக்குப்பமும்

டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் உறவு கசக்கும்போதெல்லாம், விழுப்புரத்துக் கடைத்தெருவிலும் திண்டிவனத்துப் பேருந்து நிலையத்திலும் ஒரு பேச்சு எழுகின்றது. தேநீர்க் கடையில் செய்தித்தாளை விரித்து வைத்திருப்பவர், அருகில் அமர்ந்துள்ள தொப்பியணிந்த பெரியவரைப் பார்த்து, "என்ன பாய், உங்க ஆளுங்க இப்படிப் பண்ணிட்டாங்களே!" என்கின்றார். பகைமையால் அன்று, சிரித்துக்கொண்டேதான் சொல்கின்றார். பெரியவரும் சிரித்து மழுப்பிவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகின்றார். "உங்கள் ஆட்கள்" என்னும் அவ்விரு சொற்களைப் பற்றியே நாம் இங்குப் பேச விழைகின்றோம்.

யார் நம் ஆட்கள்? 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 உயிர்களைப் பறித்த கொடியவர்களா? அன்று மாண்டவர்களுள், சுற்றுலா வந்தோரைக் காக்க முனைந்த குதிரைக்கார முஸ்லிம் இளைஞர் ஒருவரும் இருந்தாரே, அவர் எவருடைய ஆள்? கொன்றவனை நம் கணக்கில் எழுதுவோர், காக்கச் சென்று இறந்தவனை எவர் கணக்கிலும் எழுதாமல் விடுவது எந்த நீதி?

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை நாடறியும். 1960-இல் கையெழுத்தாகி 1965, 1971, 1999 ஆகிய போர்களையெல்லாம் தாங்கி நின்ற சிந்து நதிநீர் உடன்படிக்கையை இந்தியா நிறுத்தி வைத்தது. அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. தூதரகப் பணியாளர் தொகை 55-லிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. பாகிஸ்தான் தன் வான்வழியை அடைத்தது, வாணிபத்தை நிறுத்தியது. மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் ஆயுதங்களால் பேசிக்கொண்டன. இவை அனைத்தும் அரசுகள் எடுத்த முடிவுகள். 1947 அக்டோபரில் மன்னர் ஹரிசிங் காஷ்மீரை இந்தியாவுடன் இணைத்துக் கையொப்பமிட்டது தொட்டு, 1966-இன் தாஷ்கண்ட் உடன்பாடு, 1972-இன் சிம்லா ஒப்பந்தம் வரை, அவற்றுள் எதிலேனும் திண்டிவனத்து மளிகைக் கடைக்காரரின் கையெழுத்து உண்டா? ஒப்பந்தம் போடும்போது அழைக்கப்படாதவர், ஒப்பந்தம் முறியும்போது மட்டும் ஏன் கூண்டில் ஏற்றப்படுகின்றார்?

எல்லைத் தகராறு என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. இன்று விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர், வளவனூரைக் கடந்தால் மதகடிப்பட்டில் புதுச்சேரி மண்ணை மிதிக்கின்றார். கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வருகின்றார். அரியூரில் மறுபடியும் புதுச்சேரி. திண்டிவனத்திலிருந்து செல்பவருக்குக் கோரிமேடு எல்லை. இன்று அக்கோடுகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் 1947 ஆகஸ்டு 15-க்குப் பின்னும் ஏழாண்டுகள் அவை இரு நாடுகளின் எல்லைகளாக இருந்தன. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கோட்டக்குப்பம் இந்தியாவில். அதையடுத்த முத்தியால்பேட்டை பிரான்சின் ஆளுகையில்! சுங்கச் சாவடி, சோதனை, அனுமதிச் சீட்டு என்று எல்லாக் கெடுபிடிகளும் அங்கே இருந்தன.

அத்தகராறு எவ்வாறு தீர்ந்தது? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது சட்டப்படி நிறைவேற 1962 ஆகஸ்டு 16 வரை இந்தியா பொறுத்திருந்தது. படை நடவாமல் ஒரு நிலப்பகுதி கைமாறிற்று.

"புதுச்சேரி வேறு, காஷ்மீர் வேறு, பிரான்சு கடல் கடந்த நாடு, பாகிஸ்தான் வாசற்படியில் நிற்கும் நாடு" என்று சிலர் கூறக்கூடும். மெய்தான். புதுச்சேரியிலும் எல்லாம் இனிமையாக நடந்துவிடவில்லை. 1954-இல் இந்தியா பொருள் நெருக்கடி கொடுத்தது, போராட்டங்கள் மூண்டன, அடிதடியும் நிகழ்ந்தது. காஷ்மீர்ச் சிக்கலுக்குப் புதுச்சேரியை மருந்தாக நாம் காட்டவில்லை. நாம் காட்ட விழைவது வேறொன்று.

1962-இன் உடன்படிக்கைப்படி, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வழி செய்யப்பட்டது. சில ஆயிரம் தமிழர் அவ்வாறே வைத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோர் பிரான்சு அரசின் ஓய்வூதியம் பெற்றனர். ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று பிரெஞ்சு தேசிய விழா புதுச்சேரியில் கொண்டாடப்படுகின்றது. எவரேனும் அவர்களைத் தடுத்து, "நீ எந்த நாட்டின் பக்கம்?" என்று கேட்டதுண்டா? இல்லை, கேட்கவும் கூடாது. அதுவே பண்புடைய நாட்டுக்கு அழகு. அந்நிய நாட்டுக் குடியுரிமையை வெளிப்படையாக வைத்திருப்பவரிடம் காட்டும் அந்தப் பெருந்தன்மையை, பாகிஸ்தானைக் கண்ணாலும் கண்டறியாத, இந்தியக் குடியுரிமையன்றி வேறொன்றறியாத திண்டிவனத்துப் பாயிடம் காட்டுவதற்கு என்ன தடை? பெயரா? தொப்பியா? பாங்கோசையா?

இனி நம்மவரை நோக்கியும் ஒரு சொல். வடக்கே ஒரு குண்டு வெடித்தவுடன், நம்முள் சிலர் பதறியடித்துக் கண்டன அறிக்கை விடுகின்றனர். தேசபக்தியை நிறுவப் பட்டியல் நீட்டுகின்றனர். 1948 ஜூலை 3 அன்று காஷ்மீரின் ஜங்கரில் வீழ்ந்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மானையும், 1965-இல் கேம்கரன் களத்தில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதையும் சாட்சிக்கு அழைக்கின்றனர். அம்மாவீரர்களை நாம் போற்றுகின்றோம். ஆனால் குற்றமே சாட்டப்படாத வழக்கில் சாட்சி எதற்கு? நிரபராதி தன் குற்றமின்மையை நாள்தோறும் நிறுவத் தொடங்கினால், ஐயத்துக்கு அவனே உரமிடுகின்றான். அப்பாவிகளைக் கொல்வதை நாம் கண்டிப்பது, அது அல்லாஹ்வின் முன் பெரும்பாவம் என்பதால். அயலார் நம்மை ஐயுறுவார்களே என்பதால் அன்று.

போர் முழக்கமே பற்றுக்கு அடையாளம் என்போரிடம் நாம் ஒன்றை நினைவூட்டுவோம். 1974-இல் இந்தியாவும் வங்காளதேசமும் செய்துகொண்ட நில எல்லை உடன்பாடு நாற்பத்தோராண்டு இழுபட்டு, 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிறைவேறியது. இந்தியாவின் 111 திட்டுப் பகுதிகளும் வங்காளதேசத்தின் 51 திட்டுப் பகுதிகளும் கைமாறின. அதனால் இந்தியாவின் மானம் குறைந்துவிட்டதா? முஸ்லிம் பெரும்பான்மை அண்டை நாட்டோடும் பொறுமையால் எல்லை வகுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்ற உடன்படிக்கையில், 'அல்லாஹ்வின் தூதர்' என்னும் சொற்களையே எதிர்த்தரப்பார் நீக்கச் சொன்னார்கள், அண்ணலார் இணங்கினார்கள். உமர் (ரலி) போன்ற தோழர்களே உள்ளம் வருந்தினார்கள். ஆயினும் அதனையே திருமறை தெளிவான வெற்றி என்று அழைத்தது. சமாதானத்துக்கு இறங்கி வருபவன் கோழையல்லன் என்பது நாம் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கற்று வரும் பாடம்.

ஆகவே தேநீர்க் கடைப் பெரியவருக்கு நாம் சொல்வது இதுதான்: அடுத்த முறை எழுந்து போகாதீர்கள். தேநீரை முழுதும் அருந்துங்கள். கேட்டவரை அன்போடு பார்த்து, "நம்ம ஆளுங்கன்னு சொல்லுங்க தம்பி, செத்தவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்று கூறுங்கள். இந்த மண்ணில் நாம் விருந்தினரும் அல்லர். வாடகைக்கு இருப்போரும் அல்லர். நம் முன்னோர் உறங்கும் கபுறுகள் இங்கேதான் உள்ளன. நமக்கான ஆறடியும் இங்கேதான் காத்திருக்கின்றது.