'இத்துப்போச்சு' கொச்சைச் சொல்லா?

மும்பைக் கடற்காற்றில் நாலைந்து மழைக்காலம் நனைந்த பால்கனிக் கம்பி எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே பெயிண்ட் பளபளக்கும். பிடித்தால் கையோடு வந்துவிடும். இதற்கு நம் தாய்மார்கள் சொல்வது 'இத்துப்போச்சு'. பிள்ளைகள் சொல்வது 'டூட் கயா'. தமிழில் சொல் என்றால், 'உடைஞ்சுபோச்சு'. கண்ணாடி டம்ளரும் உடைஞ்சுபோச்சு, கொடிக்கயிறும் உடைஞ்சுபோச்சு!

இந்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதிலும் 'கல்னா', 'சட்னா' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. குறை நம் வீட்டில்தான். 'இத்துப்போச்சு' பட்டிக்காட்டுப் பேச்சு, நாலு பேர் எதிரில் சொன்னால் கௌரவக் குறைவு என்று பெற்றோரே அதை விழுங்கிவிடுகிறார்கள்.

அது கொச்சையே அல்ல. காற்று 'காத்து' ஆனதுபோல, நேற்று 'நேத்து' ஆனதுபோல, 'இற்று' என்பதுதான் வாயில் 'இத்து' ஆயிற்று. வேர்ச்சொல் 'இறு'. மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிற 475-ஆம் குறளில், முறிவதற்கு வள்ளுவர் இட்ட சொல் இதுதான். இராமன் கையில் வில் ஒடிந்ததைச் சொல்லக் கம்பர் எடுத்ததும் இதே சொல். 'இறுதி', 'ஈறு' எல்லாம் இதன் உறவுக்காரர்கள். இத்தனை பெரிய இடத்துச் சொல்லை நாம் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

அன்று அது சட்டென்று முறிவதைக் குறித்தது. இன்று, முறிகிற அளவுக்கு உள்ளுக்குள் கெட்டுப்போனதைக் குறிக்கிறது. புடவை துவைத்துத் துவைத்து முதலில் நைந்துபோகும், அப்புறம்தான் இற்றுப்போகும். மரத்தைப் பூச்சி தின்றால் உளுத்துப்போகும். அப்பளம் நொறுங்கும், சுவர்க் காரை உதிரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள் நம் பெரியவர்கள்.

'உடைஞ்சுபோச்சு' நடந்து முடிந்த சேதி. 'இத்துப்போச்சு' அப்படியில்லை: பொருள் இன்னும் நிற்கிறது, ஆனால் நம்பிச் சாயாதே என்று அர்த்தம். ஆண்டுதோறும் மழைக்கு முன் இந்நகரில் அபாயக் கட்டடங்களின் பட்டியல் வெளியாகிறதே, அதில் இருப்பவை பெரும்பாலும் இடிந்த வீடுகள் அல்ல. கம்பியோ உத்தரமோ இற்றுப்போய், இன்னும் ஆள் குடியிருக்கும் வீடுகள். பழைய சாலில் வளரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் இலக்கணப் பாடம் மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் புத்தகத்தில் 'உடை', 'ஒடி' இருக்கின்றன. 'இறு' வரக் காணோம். புத்தகத்துக்காகக் காத்திருப்பானேன்? அடுத்த முறை பழைய கொடிக்கயிற்றைக் கழற்றும்போது பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு முனையை அதன் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். பட்டென்று போகும். பக்கத்து வீட்டு மாமி காதில் விழுந்தாலும் பரவாயில்லை, 'இத்துப்போச்சுடா கண்ணா' என்று உரக்கவே சொல்லுங்கள்.