காட்டு ஓட்ஸ் என்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையா?

டாக்டர் சொன்னார் என்று வீட்டுப் பெரியவர்கள் காலையில் குடிக்கிறார்களே ஓட்ஸ் கஞ்சி, அந்த ஓட்ஸுக்கு ஒரு காட்டுச் சொந்தக்காரன் உண்டு. பெயர் அவினா ஸ்டெரிலிஸ். மத்தியதரைக்கடல் ஓரத்து நாடுகளில் தானாக முளைத்துக் கிடக்கும் புல். பயிர் ஓட்ஸைப் போலவே இதற்கும் 42 குரோமோசோம், அதனால் இரண்டையும் கலப்பது பெரிய வித்தை இல்லை.

ஆளைப் பார்த்தால்தான் யாருக்கும் பிடிக்காது. முற்றியதும் மணி உதிர்ந்துவிடும். கருத்த உமி, அதில் முறுக்கு மீசை வேறு. இதிலா மகசூல் என்று கேட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அதைத்தான் வன்மையாகக் கண்டிக்கிறேன். (இந்த வார்த்தை இல்லாவிட்டால் சண்டைக் கட்டுரை ஆகாதாமே!)

இதுவரை அதிகம் எடுத்துக்கொண்டது துரு நோய் எதிர்ப்பைத்தான். பிசி38, பிசி39 என்ற மரபணுக்களை இந்தப் புல்லிலிருந்து எடுத்துக் கனடா ரகங்களில் வைத்தார்கள். 90களில் துருப் பூசணம் வேஷம் மாற்றி வந்து அவற்றைத் தாண்டியது. அடுத்து வந்த பிசி68-க்கும் 2000களில் அதே கதி. பழைய ஸ்கூட்டருக்குப் பார்ட்ஸ் மாற்றுகிற மாதிரி ஒரு பிழைப்பு.

அயோவாவில் கென்னத் ஃப்ரே குழு 1970களிலேயே வேறு வழி காட்டியது. காட்டு ஓட்ஸைப் பயிரோடு கலந்து, வாரிசுகளை மறுபடி மறுபடி பயிர் ஓட்ஸோடு சேர்த்து, மகசூலை எடை போட்டார்கள். சில வாரிசுகள் பயிர்ப் பெற்றோரையே மிஞ்சின! ஆக, மகசூலைக் கூட்டும் மரபணுக்கள் அந்த உதிரிப் புல்லுக்குள்தான் இருந்தன. புல்லைப் பார்த்து மார்க் போட்டால் அது தெரியவே தெரியாது, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

அதையும் ஒரே ஊரில், ஒரே நல்ல வருடத்தில் பார்த்துவிட்டுக் கை தட்டக் கூடாது. 1963-ல் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் பார்லியை வைத்து ஒரு கணக்கு சொன்னார்கள். இடத்தின் சராசரி விளைச்சல் கூடும்போது ஒரு ரகம் எவ்வளவு கூடுகிறது என்று கோடு போட்டுப் பார்ப்பது. கோடு படுத்துக் கிடந்தால் நிலையான ரகம். சரி, எல்லாப் பரீட்சையிலும் 35 மார்க் வாங்குகிறவனும் ரொம்ப நிலையான பையன்தானே? சராசரியும் உயரமாக இருக்க வேண்டும், மழை பொய்த்த வருடத்தில் குப்புறவும் விழக் கூடாது. பத்து வருட சராசரியைக் காட்டி எந்த விவசாயியும் இந்த வருடக் கடனை அடைக்க முடியாது.

மணி உதிரும் குணத்தைக் கழுவி எடுக்கவே பல தலைமுறை ஆகும் என்பார்கள். ஆகட்டுமே. துருவுக்குப் பின்னால் ஓடிய வருடங்களை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை!